தூவானத்தில் வேர் வளர்ப்போம்: வீட்டிலேயே ஏரோபோனிக்ஸ் அமைக்க முழுமையான வழிகாட்டி

வெயில் தாழ்ந்த பிறகு டிரம்மின் மூடியை மெல்லத் தூக்கினால், பொன்னாங்கண்ணி வேர்கள் ஒரு முழ நீளத்துக்கு வெள்ளைவெளேரென்று தொங்கும். ஒவ்வொரு வேரையும் சுற்றிப் பஞ்சு ஒட்டியதுபோல மெல்லிய ரோமம். மண்ணில் வளர்ந்த செடியை எவ்வளவு பக்குவமாகப் பிடுங்கினாலும் அந்த ரோமத்தைப் பார்க்க முடியாது, மண்ணோடு அறுந்துபோய்விடும். செடி குடிப்பதில் பெரும்பங்கு அந்த வேர்த்தூவிகள் வழியாகத்தான். மண்ணே இல்லாமல், இருட்டில் தொங்கும் வேருக்கு உரநீரைத் தூவானமாகத் தெளித்துச் செடி வளர்ப்பதுதான் ஏரோபோனிக்ஸ். அந்த வேர்த்தூவிகளை உயிரோடு, அடர்த்தியாக வைத்திருப்பதுதான் இந்த முறையில் நம்முடைய முழு வேலையும்.

ஏரோபோனிக்ஸ் என்ற பெயரை 1957-இல் வைத்தவர் ஃபிரிட்ஸ் வென்ட் என்ற தாவரவியலாளர். காப்பிச் செடியையும் தக்காளியையும் வேர் காற்றில் தொங்கும்படி வளர்த்துப் பார்த்தவர். நம் நாட்டில் சிம்லாவிலுள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனம் நோயற்ற விதைக் கிழங்கு எடுக்க இந்த முறையைக் கொண்டுவந்திருக்கிறது. பெட்டியின் பக்கக் கதவைத் திறந்து, பருத்த கிழங்கை மட்டும் பறித்துக்கொண்டு மூடிவிடலாம். செடி தொடர்ந்து காய்க்கும். வேரைக் கண்ணால் பார்த்து முடிவெடுக்க முடிவது இந்த முறையின் பெரிய பலம். வீட்டில் செய்யும்போதும் அதை விட்டுவிடக் கூடாது.

எங்கள் வீடு திருச்சியில். மொட்டை மாடியில் மே மாதம் கால் வைக்க முடியாது. அதனால் இங்கே சொல்லப்போவதெல்லாம் சூடான ஊருக்கான முறை. ஊட்டியிலோ கொடைக்கானலிலோ இருப்பவர்களுக்குப் பாதிக் கவலை குறைவு.

முதலில் ஒரு கணக்கு

25 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 8 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரைந்திருக்கும். 35 டிகிரிக்குப் போனால் அது 7-க்குக் குறைந்துவிடும். ஒரு லிட்டர் காற்றிலோ 270 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது. அதோடு, தண்ணீருக்குள் ஆக்சிஜன் நகர்வது காற்றில் நகர்வதைவிடக் கிட்டத்தட்ட பத்தாயிரம் மடங்கு மெதுவாக. வேரின்மேல் தண்ணீர் தடிமனாகப் படிந்தால் வேருக்கு மூச்சு முட்டும். துளியே இல்லாவிட்டால் காய்ந்து சாகும். இரண்டுக்கும் நடுவே, வேரைச் சுற்றி எப்போதும் ஈரக்காற்று இருக்க வேண்டும், ஆனால் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கக் கூடாது. நாசில் (தெளிப்பு முனை), டைமர், டிரம் எதை வாங்கும்போதும் இதை மனதில் வைத்துப் பாருங்கள். கடைக்காரர் சொல்வதில் எது தேவை, எது தேவையில்லை என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

1. இருட்டறை

50 அல்லது 60 லிட்டர் பிளாஸ்டிக் டிரம், அகல வாயும் இறுக்கமான மூடியும் உள்ளது, போதும். உள்ளே குறைந்தது 45 செ.மீ. ஆழம் வேண்டும். பெயிண்ட் வாளியிலும் செய்யலாம். ஆனால் மூன்று வாரத்தில் வேர் அடியைத் தொட்டுவிடும்.

நீல டிரம் உள்ளே வெளிச்சத்தை விடும். வெளிச்சம் போனால் பாசி பிடிக்கும். பாசி செத்தால் அழுகல். வெளியே முதலில் கறுப்புப் பெயிண்ட், அது காய்ந்ததும் மேலே இரண்டு கோட் வெள்ளை அடியுங்கள். கறுப்பு வெளிச்சத்தைத் தடுக்கும், வெள்ளை வெயிலைத் திருப்பி அனுப்பும். இரவில் கைப்பேசி டார்ச்சை எரியவிட்டு உள்ளே வைத்து மூடிப் பாருங்கள். எங்கே ஒளி கசிகிறதோ அங்கே இன்னொரு கோட்.

மூடியில் 5 செ.மீ. அகலத் துளைகள் ஆறு போடுங்கள், ஒன்றுக்கொன்று 15 செ.மீ. தள்ளி. எட்டு, பத்து போட ஆசை வரும். வேண்டாம். வேர்கள் ஒன்றோடொன்று பின்னி அடைத்துக்கொண்டால் நடுவில் தூவானம் போகாது.

அடியில் ஒரு வடிகால். வேரில் பட்டு வடியும் நீர் அது வழியாக, பம்பு நீர் எடுக்கும் உரநீர் டேங்குக்கே திரும்ப வேண்டும். டிரம்மை அந்தப் பக்கமாகச் சற்றே சாய்த்து வையுங்கள், ஒரு சொட்டும் உள்ளே தேங்கக் கூடாது. வடிகால் வாயில் கொசுவலைத் துண்டு ஒன்றைக் கட்டுங்கள்; உதிரும் வேர்த் துணுக்குகள் டேங்குக்குள் போகாமல் அது காக்கும்.

2. தண்ணீரைத் தூளாக்குவது

வேருக்கு ஏற்ற துளி 30 முதல் 80 மைக்ரான் வரை. தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால் அளவு புரியும். இதைவிடப் பெரிய துளி வேரை நனைத்துக் குளிப்பாட்டும். மிகச் சிறிய துளியிலும் சிக்கல் உண்டு. என் முதல் முயற்சி அதில்தான் போனது. அலங்கார நீரூற்றுக்குப் போடும் மீயொலிப் புகைக் கருவி ஒன்றை வாங்கிப் போட்டேன். அதிலிருந்து வருவது 5 மைக்ரான் அளவு, பார்க்க மேகம் போல அழகு. நான்கு நாளில் வேரெல்லாம் ரோமமாகப் பூத்தது, கிளைவேர் மட்டும் ஓடவே இல்லை. போதாததற்கு அந்தக் கருவி தண்ணீரையும் சூடாக்கிக்கொண்டே இருந்தது. உரத்தின் உப்பு படிந்து இரண்டு வாரத்தில் அதன் தகடும் செயலிழந்தது. புதினா முழுவதும் துவண்டுவிட்டது. யாராவது அதைப் பரிந்துரைத்தால் தயவுசெய்து வாங்காதீர்கள்.

நல்ல வழி அழுத்தம். பம்பு 80 முதல் 100 பி.எஸ்.ஐ. தர வேண்டும். வயலில் மருந்தடிக்கும் பேட்டரி ஸ்பிரேயருக்குள் இருக்கிறதே, அந்த 12 வோல்ட் டயாஃப்ரம் பம்பு இதற்கு நன்றாகப் பொருந்தும். உரக்கடை, ஸ்பிரேயர் பழுது பார்க்கும் கடை எங்கும் தனியாகக் கிடைக்கும். அழுத்தம் வந்ததும் தானாக நிற்கும் சுவிட்ச் அதிலேயே உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். ஆர்.ஓ. பூஸ்டர் பம்பும் ஓடும், ஆனால் அது பெரும்பாலும் 24 வோல்ட். பேட்டரியோடு சேர்ப்பதில் வேலை கூடும்.

பம்புக்கு அடுத்து வரிசையாக: 200 மெஷ் ஃபில்டர், 12 வோல்ட் சோலனாய்டு வால்வு (மின்சாரத்தில் திறந்து மூடுவது), அதன்பின் 6 மி.மீ. குழாயில் நான்கு நாசில்கள். பம்பு தண்ணீரை உறிஞ்சும் பக்கத்தில் சொட்டுநீர்ப் பாசன ஃபில்டர் ஒன்றும் இருக்கட்டும். நாசில் துளை 0.3 அல்லது 0.4 மி.மீ. பித்தளை நாசில் மலிவு. ஆனால் நாம் கொடுக்கும் உரநீர் சற்றே புளிப்பானது, அதில் செம்பும் துத்தநாகமும் மெல்லக் கரையும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ பிளாஸ்டிக்கோ வாங்குங்கள்.

சோலனாய்டு வால்வை டிரம்முக்கு ஒட்டியே வையுங்கள். தூரத்தில் வைத்தால் வால்வு மூடிய பிறகும் குழாயில் மிஞ்சிய தண்ணீர் அழுத்தமில்லாமல் பெருந்துளியாகச் சொட்டிக்கொண்டிருக்கும். அந்தச் சொட்டு விழும் இடத்து வேர்தான் முதலில் அழுகும். சொட்டு நிறுத்தும் அடைப்பான் உள்ள நாசில் கிடைத்தால் இன்னும் நல்லது.

நாசில்களை டிரம்மின் பக்கச் சுவரில், இரண்டு கீழேயும் இரண்டு நடு உயரத்திலும் பொருத்துங்கள். எதுவும் நேராக வேரைக் குறிவைக்கக் கூடாது. எதிர்ச்சுவரை நோக்கித் திருப்பிவிட்டால் தூவானம் சுழன்று எல்லாப் பக்கமும் பரவும்.

பொருத்தி முடித்ததும் ஒரு சோதனை. உலர்ந்த எவர்சில்வர் தட்டை நாசிலிலிருந்து ஒரு அடி தள்ளிப் பிடித்து ஒரே ஒரு வினாடி அடித்துப் பாருங்கள். தட்டு மூச்சுக்காற்று பட்டதுபோல மங்க வேண்டும். தண்ணீர் வழிந்தால் அழுத்தம் போதவில்லை. இணைப்பில் எங்கோ கசிவு இருக்கும், அல்லது நாசில் எண்ணிக்கை அதிகம்.

3. டைமரும் பேட்டரியும்

கடிகார டைமர் நிமிடக் கணக்கில்தான் ஓடும், இதற்கு ஆகாது. வினாடிக் கணக்கில் திரும்பத் திரும்ப ஓட்டும் 12 வோல்ட் சுழற்சி டைமர் வாங்குங்கள். அது திறப்பதும் மூடுவதும் வால்வை மட்டும். வால்வு திறந்து அழுத்தம் குறைந்ததும் பம்பு தானே கிளம்பும், மூடியதும் அழுத்தம் ஏறித் தானே நிற்கும்.

5 வினாடி தூவல், 3 நிமிட இடைவெளி. இதில் தொடங்குங்கள்.

தொங்கும் வேருக்குச் சேமிப்பு கிடையாது. மண்ணில் இருக்கும் செடிக்குக் கரண்ட் போனால் ஒன்றுமில்லை. இங்கே கோடை மதியத்தில் ஒரு மணி நேரம் தூவல் நின்றால் வேர் நுனிகள் கருகத் தொடங்கிவிடும். ஆகவே எல்லாவற்றையும் ஒரு 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரியில் ஓட்டி, அந்தப் பேட்டரிக்கு எப்போதும் சார்ஜர் இணைத்து வைக்கிறேன். பம்பு 4 ஆம்பியர் இழுத்தாலும் 185 வினாடியில் 5 வினாடிதான் ஓடுகிறது, சராசரி 0.11 ஆம்பியர். டைமரையும் சேர்த்து 0.16 என்று வையுங்கள். பேட்டரியில் பாதியை மட்டும் பயன்படுத்தினாலும் 20 மணி நேரம் தாங்கும். இந்தச் செலவில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

4. தண்ணீரும் உரமும்

போர்வெல் தண்ணீர் பல வீடுகளில் டி.டி.எஸ். 1000-ஐத் தாண்டும். அதில் உரம் கலந்தால் செடிக்கு வேண்டியதைச் சேர்க்க இடமே இருக்காது, நாசிலும் சுண்ணாம்பால் அடைபடும். மழைநீர் பிடித்து வைத்திருந்தால் அதைவிடச் சிறந்தது இல்லை. இல்லாவிட்டால் ஆர்.ஓ. தண்ணீர். ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் கழிவுநீரை மிச்சப்படுத்துகிறோம் என்று இதில் ஊற்றிவிடாதீர்கள். உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது.

மாடித்தோட்டக்காரர்களிடம் ஒன்று சொல்லியாக வேண்டும். பஞ்சகவ்யம், மீன் அமிலம், ஜீவாமிர்தம் எல்லாம் மண்ணுக்கு. மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அவற்றைச் சிதைத்துச் செடிக்குத் தரும். இங்கே மண் இல்லை. டேங்கில் ஊற்றினால் நாறும், நாசில் அடைக்கும், வேரும் போய்விடும். 19:19:19 கரையும் உரமும் வேண்டாம். அதிலுள்ள தழைச்சத்தில் பாதிக்கு மேல் யூரியா, அதுவும் நுண்ணுயிர் துணையில்லாமல் வேருக்குச் சரிவரக் கிடைக்காது.

ஹைட்ரோபோனிக்ஸ் (மண்ணில்லா நீர்வளர்ப்பு) உரம் என்று ஏ, பி என இரண்டு பாட்டிலாக விற்பதை வாங்குங்கள். இரண்டாகப் பிரித்திருப்பதற்குக் காரணம் உண்டு. ஒன்றில் கால்சியம் நைட்ரேட், மற்றதில் சல்ஃபேட்டும் பாஸ்பேட்டும். அடர்த்தியாக இருக்கும்போது இவை சந்தித்தால் ஜிப்சமாகவும் கால்சியம் பாஸ்பேட்டாகவும் உறைந்து வெள்ளைப் பொடி படியும். எனவே டேங்கில் முழுத் தண்ணீரையும் முதலில் நிரப்பி, ஏ-யை ஊற்றி நன்றாகக் கலக்கி, அப்புறம்தான் பி. இரண்டுக்கும் ஒரே அளவுக் குவளையைக் கழுவாமல் பயன்படுத்தக் கூடாது.

அடர்த்தியை இ.சி. மீட்டரில் பாருங்கள்; நீரில் கரைந்த உப்பு எவ்வளவு என்று காட்டும் கருவி அது. இங்கே சொல்லும் எண்களெல்லாம் mS/cm அளவில். வேர் விடும்வரை வெறும் தண்ணீர். வேர் தெரிந்ததும் 0.6. பிறகு பொன்னாங்கண்ணிக்கும் கொடிப்பசலைக்கும் 1.0 முதல் 1.2, புதினாவுக்கு 1.4 வரை. மற்ற நீர்வளர்ப்பு முறைகளுக்குச் சொல்லும் அளவைவிட இது குறைவு. தூவலுக்குத் தூவல் நடுவே வேர்மேலுள்ள படலத்தில் நீர் குறைந்து உப்பு கூடும், அதனால்தான். கோடையில் இன்னும் 0.2 குறையுங்கள், வெயிலில் செடி உரத்தைவிடத் தண்ணீரையே அதிகம் குடிக்கும்.

பி.எச். (நீரின் அமில-கார அளவு) 5.5 முதல் 6.3 வரை இருக்கட்டும். செடி நைட்ரேட்டை எடுக்க எடுக்க அது மெல்ல ஏறும். இரண்டு நாளுக்கு ஒருமுறை பார்த்து, பாஸ்பாரிக் அமிலம் கலந்த பி.எச். குறைப்பானைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். 6.5-க்கு மேல் போனால் இளம் இலை நரம்பு மட்டும் பச்சையாக, மீதி மஞ்சளாகத் தெரியும். இரும்புச்சத்து கிடைக்காததன் அடையாளம் அது. பத்து நாளுக்கு ஒருமுறை டேங்குத் தண்ணீர் முழுவதையும் மாற்றி, பழையதை மண் தொட்டிச் செடிகளுக்கு ஊற்றிவிடலாம்.

5. குச்சி நடுவது

முதல்முறை விதையிலிருந்து தொடங்க வேண்டாம். பொன்னாங்கண்ணி, கொடிப்பசலை, புதினா மூன்றும் குச்சியிலேயே வேர் விடுபவை. சந்தையில் வாங்கிய கட்டிலிருந்தே நல்ல தண்டாகப் பொறுக்கலாம். கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாக வெட்டி, அடியில் இரண்டு கணுக்களின் இலையைக் கிள்ளிவிடுங்கள். மேலே நான்கைந்து இலை போதும்.

தண்டைப் பிடிக்கத் தேங்காய் நார்க்கழிவு வேண்டாம். துகள் உதிர்ந்து நேராக நாசிலுக்குப் போகும். 3 செ.மீ. தடிமன் ஸ்பான்ஞ்சை வட்டமாக வெட்டி, ஒரு பக்கம் நடுவரை கீறி, தண்டைச் செருகி மூடியின் துளையில் பொருத்துங்கள். இரண்டு கணுவும் உள்ளே தொங்க வேண்டும். தண்டு பிதுங்குமளவு இறுக்காதீர்கள்.

முதல் வாரம் நிழலில். பொன்னாங்கண்ணி ஐந்தாறு நாளில் கணுவில் வெள்ளைப் புள்ளியாக வேர் காட்டும், புதினாவுக்கு ஒரு வாரம் பத்து நாள் ஆகும். பிறகு காலை வெயில் படும் இடத்துக்கு மாற்றி, மேலே 50 சதவீத நிழல்வலை கட்டுங்கள்.

6. வேரைப் பார்த்து டைமரை மாற்றுவது

உள்ளபடியே தோட்டக்காரரின் வேலை இங்கிருந்துதான் ஆரம்பம். மாலையில், வெயில் போன பிறகு, மூடியைத் தூக்கி அரை நிமிடம் பாருங்கள். அதற்கு மேல் திறந்து வைக்காதீர்கள்.

ரோமம் அடர்ந்து, கிளைவேர் மீன்முள் போல இருபுறமும் ஓடி, நுனி பளிச்சென்று வெள்ளையாக இருந்தால் எதையும் தொடாதீர்கள். நன்றாக ஓடுகிற அமைப்பை மேலும் சரிசெய்கிறேன் என்று கெடுத்தவர்கள் நிறைய.

வேர் வழவழவென்று, கண்ணாடி நூல் போல, ரோமமே இல்லாமல் நீண்டுகொண்டு போனால் ஈரம் அதிகம். நீரில் மூழ்கிய வேர் அப்படித்தான் இருக்கும். இடைவெளியை அரை நிமிடம் கூட்டுங்கள். நுனிகள் மஞ்சளாகி, தொட்டால் மொரமொரப்பாக இருந்து, நண்பகலில் இலையும் துவண்டால் வறட்சி. இடைவெளியை அரை நிமிடம் குறையுங்கள். ஒரு பக்க வேர் மட்டும் அப்படி இருந்தால் டைமரைத் தொடாமல் அந்தப் பக்கத்து நாசிலைக் கழற்றிப் பாருங்கள். எதை மாற்றினாலும் இரண்டு நாள் பொறுத்துத்தான் அடுத்த மாற்றம். வேர்த்தூவியின் ஆயுள் குறைவு. புதிதாக முளைப்பவை புதிய நிலைமைக்கு ஏற்றபடி முளைக்கும், பழையவை மாறாது.

வேர் திரண்டு வளர்ந்த பிறகு அதுவே ஈரத்தைப் பிடித்து வைக்கும். அப்போது 4, 5 நிமிட இடைவெளி தாங்கும். இரவில் இன்னும் கூட்டலாம்.

வேர் லேசாகப் பழுப்பேறினால் பதற வேண்டாம். உரத்திலுள்ள இரும்பின் கறையாக இருக்கும். விரலால் மெல்ல இழுத்துப் பாருங்கள். உறுதியாக இருந்து, மழை பெய்த மண் போல மணந்தால் ஆரோக்கியம்தான். மேல்தோல் உறைபோலக் கழன்று வந்து நடுவில் நூல் மட்டும் நின்றால், சாக்கடை வாடை வந்தால், அது பித்தியம் என்ற கிருமியால் வரும் வேரழுகல்.

7. வெயிலிலிருந்து வேரைக் காப்பது

பித்தியம் சூடான, ஆக்சிஜன் குறைந்த தண்ணீரை விரும்பி வரும். வேருக்கு இதமானது 18 முதல் 24 டிகிரி. நம் ஊர் கோடையில் அது நடக்காது. 28-க்குள் வைத்தாலே வெற்றி என்று நினைக்கிறேன். வயருள்ள தெர்மாமீட்டரின் முனையை டிரம்முக்குள் தொங்கவிடுங்கள். காற்றின் வெப்பத்தைப் பார்த்து ஊகிப்பது பலிக்காது.

டேங்கை மாடியில் வைக்காமல் மாடிப்படிக்குக் கீழே நிழலில் வைத்தது எனக்குப் பெரிய மாற்றத்தைத் தந்தது. தரைத் தோட்டமாக இருந்தால் டேங்கைக் கழுத்துவரை மண்ணில் புதைத்துவிடலாம். டிரம்மைச் சுற்றி ஈரக் கோணிச் சாக்கு, டேங்கைச் சுற்றித் தெர்மாகோல். ஃபிரிட்ஜில் உறையவைத்த இரண்டு தண்ணீர் பாட்டில்களை நண்பகலில் டேங்கில் மிதக்கவிட்டு, மாலையில் எடுத்து மறுபடி உறையவைப்பேன். வெயிலில் கிடக்கும் கறுப்புக் குழாயைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மூன்று நிமிடம் அதில் நின்ற தண்ணீர் வெந்நீராக வேர்மேல் பாயும். குழாய் முழுக்கப் பழைய துணி சுற்றி, வெளியே வெள்ளை டேப் ஒட்டுங்கள்.

8. அழுகலும் அடைப்பும் வந்தால்

அழுகிய வேரைச் சுத்தமான கத்தரியால் வெட்டி எடுங்கள். டேங்குத் தண்ணீரைக் கொட்டி, டிரம்மின் உட்புறத்தைத் துடையுங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் 6 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடை லிட்டருக்கு 1.5 மில்லி கலந்து ஒரு நாள் ஓட்டி, மறுநாள் புது உரநீர், இ.சி. 0.6-இல். பாதிக்கு மேல் வேர் போயிருந்தால் செடியைக் காப்பாற்ற முயலாமல், நுனிக் குச்சிகளை வெட்டிப் புதிதாக நடுவதே மேல்.

சூடோமோனாஸ், டிரைக்கோடெர்மா கொடுக்க விரும்பினால் திரவ வடிவில் மட்டும். வேளாண் நிலையங்களில் வழக்கமாகத் தருவது டால்க் பவுடரில் கலந்தது. மண்ணுக்கு அருமை, 0.3 மி.மீ. நாசிலுக்கு எமன். பெராக்சைடு கொடுத்த வாரத்தில் இவற்றைக் கொடுக்காதீர்கள், நல்ல நுண்ணுயிரையும் அது கொன்றுவிடும்.

நாசில் அடைத்தால் ஊசியால் குத்தாதீர்கள். துளை பெரிதாகிவிடும், அதோடு தூவானம் பீய்ச்சலாக மாறும். மளிகைக் கடையில் விற்கும் எலுமிச்சை உப்பு 10 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, இரவு முழுவதும் ஊறப்போட்டால் சுண்ணாம்பு கரைந்துவிடும். நான் நான்கு நாசில்கள் கூடுதலாக வாங்கி வைத்திருக்கிறேன். மாதம் ஒருமுறை கழற்றி மாட்டுவதும், கழற்றியதை ஊறப்போடுவதும் பழக்கமாகிவிட்டது. ஃபில்டரைக் கழுவுவது வாரம் ஒருமுறை.

9. அறுவடையும் அடுத்த சுற்றும்

பொன்னாங்கண்ணியை நான்காம் வாரம் முதல் கிள்ளலாம். ஒரே நாளில் மொட்டையடிக்காதீர்கள். மூன்றில் ஒரு பங்கு இலையையாவது விட்டுவையுங்கள். இலை குறைந்தால் வேருக்கு உணவு போகாது, இரண்டு நாளில் பழைய வேர் உதிரத் தொடங்கி வடிகால் வலையை அடைக்கும்.

மூன்று மாதத்தில் வேர் டிரம்மின் அடியைத் தொட்டு மெத்தை போலச் சுருண்டு கிடக்கும். அந்தச் சுருளில் தண்ணீர் தேங்கும் என்பதால் கீழ் மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிடுங்கள். வெட்டிய அன்றும் மறுநாளும் நிழல், இடைவெளி 2 நிமிடம். இரண்டாம் முறை அப்படிச் சுருளும்போது நான் வெட்டுவதில்லை. நல்ல நுனிக் குச்சி ஆறு எடுத்துவைத்துக்கொண்டு பழைய செடிகளைப் பிடுங்கி, டிரம்மைக் கழுவி வெயிலில் ஒரு பகல் காயவிட்டு, அன்று மாலையே அதே துளைகளில் புதுக் குச்சிகளைச் செருகிவிடுகிறேன்.